டிராக்டருக்கு வரி குறைந்தது. மருந்துக்கும் டீசலுக்கும் குறையவில்லை

டீக்கடையில் வரியைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் விவசாயியைப் பார்த்து, "உங்களுக்கென்ன, வரியே கிடையாது" என்று சொல்லாமல் இருப்பதில்லை. சம்பளக்காரருக்குப் பிடித்தம், வியாபாரிக்குக் கணக்கு, விவசாயிக்கு மட்டும் விலக்கு என்பது பொதுவான நினைப்பு. நாமும் அதை மறுத்துப் பேசுவதில்லை. நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதானே என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் உரக்கடை ரசீதையும் டீசல் பங்க் ரசீதையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டால் கதை வேறு. வருமானத்துக்கு விலக்கு பெற்ற அதே விவசாயி, செலவு செய்யும் இடமெல்லாம் வரி கட்டுகிறார். கட்டியதைத் திரும்பப் பெற வழியும் அவருக்கு இல்லை.

முதலில் வருமான வரி. நமது அரசியல் சாசனப்படி வேளாண் வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு இதற்கு விலக்கு அளித்தது. அதற்குப் பதிலாக வந்துள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விலக்கு தொடர்கிறது. (கறவை மாடு, கோழிப்பண்ணை வருமானம் இந்த விலக்கில் வராது, நாற்றங்கால் வருமானம் வரும். பலர் இதில் குழம்புகிறார்கள்.)

இந்த விலக்கால் சிறு விவசாயிக்கு என்ன லாபம்? தேசிய மாதிரி ஆய்வின்படி 2018-19-இல் இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம், கூலி, மாடு எல்லாம் சேர்த்து, ரூ.10,218. ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்தை எட்டவில்லை. புதிய வருமான வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு ரூ.12 லட்சம் வரை சம்பாதிப்பவரே வரி கட்ட வேண்டியதில்லை. அதாவது நாளைக்கே வேளாண் வருமான விலக்கை எடுத்துவிட்டாலும், இரண்டு மூன்று ஏக்கர்காரருக்கு ஒரு ரூபாய் வரி வராது. விலக்கின் உண்மையான பயன் பெரிய தோட்டக்காரர்களுக்கும், வேறு தொழிலில் வந்த பணத்தை 'விவசாய வருமானம்' என்று எழுதிக்கொள்பவர்களுக்கும்தான். இத்தகைய கோரிக்கைகளைப் போதிய சரிபார்ப்பு இல்லாமல் வருமான வரித் துறை ஏற்றுக்கொண்டதை மத்திய தணிக்கைத் துறையே 2019 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அந்தச் சலுகையின் பெயரில் ஏச்சு வாங்குவது மட்டும் சிறு விவசாயி.

கட்டிய வரி திரும்பாத கதை

இனி ஜிஎஸ்டி. எந்தத் தொழிலிலும் இந்த வரி கடைசி நுகர்வோர் தலையில் விழ வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. ஒரு நூற்பாலை இயந்திர உதிரிபாகம் வாங்கும்போது வரி கட்டுகிறது. பிறகு நூல் விற்கும்போது வசூலிக்கும் வரியிலிருந்து, ஏற்கெனவே கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குச் செலுத்துகிறது. ஆலையின் பையிலிருந்து நிகரமாக எதுவும் போவதில்லை.

விவசாயிக்கு இந்தக் கழிவு கிடையாது. சொந்த நிலத்தில் சாகுபடி செய்து விளைந்ததை விற்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை என்கிறது சட்டத்தின் 23-ஆவது பிரிவு. நெல், காய்கறி போன்ற விளைபொருட்களை அப்படியே விற்றால் வரியும் இல்லை. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்யும் தொல்லை இல்லை என்பதால் இது சலுகைதான். ஆனால் பதிவு இல்லாதவர் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. உரம், மருந்து, குழாய், உதிரிபாகம் என்று வாங்கியதற்கெல்லாம் கட்டிய வரி அவருடைய சாகுபடிச் செலவிலேயே நின்றுவிடுகிறது. உற்பத்தியாளரான விவசாயியை ஜிஎஸ்டி கடைசி நுகர்வோராக நடத்துகிறது.

டிராக்டர் வாடகையிலும் இதே கதை. வேளாண் இயந்திரங்களை வாடகைக்கு விடும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆகவே வாடகை ரசீதில் வரி என்று எதுவும் தெரியாது. ஆனால் டிராக்டர் வாங்கியபோதும் டயர் மாற்றியபோதும் உரிமையாளர் கட்டிய வரியை அவராலும் கழிக்க முடியாது. அதை மணி வாடகையில்தான் சேர்ப்பார்.

செப்டம்பர் மாற்றத்தில் குறைந்தது எது?

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவுகள் செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தன. விவசாயத்துக்குப் பெரிய சலுகை என்று அப்போது பேசப்பட்டது. தவறில்லை, சலுகைகள் உண்மையானவை. டிராக்டர், அறுவடை இயந்திரம், உழவுக் கருவிகள், சொட்டு நீர் மற்றும் தெளிப்பு நீர் சாதனங்களுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம். டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கு 18-லிருந்து 5. குறிப்பிட்ட 12 வகை உயிரிப் பூச்சிக்கொல்லிகளுக்கும், உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும் நுண்ணூட்டச் சத்துகளுக்கும் 12-லிருந்து 5. வரிக்கு முன் ரூ.6 லட்சம் விலையுள்ள டிராக்டரில் வரி ரூ.72 ஆயிரத்திலிருந்து ரூ.30 ஆயிரமாக இறங்குகிறது. ரூ.42 ஆயிரம் மிச்சம் என்பது சின்னத் தொகை அல்ல.

ஆனால் டிராக்டர் வாங்குவது பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை. நம்மில் பெரும்பாலோர் வாங்குவதே இல்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். சொட்டு நீரைப் பொறுத்தவரை தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. எனவே அங்கே வரிக் குறைப்பின் பெரும்பகுதி அரசுக் கணக்கில் சேரும் மிச்சம். பழுதான குழாயை, அடைத்துப்போன வடிகட்டியைச் சொந்தக் காசில் மாற்றுபவருக்குக் கொஞ்சம் பயன்.

ஒவ்வொரு பருவமும் தவறாமல் வாங்குவது வேறு மூன்று: உரம், பூச்சி மருந்து, டீசல். (விதைக்கு வரி இல்லை.) இந்த மூன்றிலும் செப்டம்பர் மாற்றத்தால் எதுவும் குறையவில்லை.

உரத்துக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5. உர ஆலைகள் வாங்கும் அம்மோனியா, கந்தக அமிலம், நைட்ரிக் அமிலத்துக்கு மட்டும் 18-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். ஆலைகளுக்கு அது நல்ல செய்தி. நமது மூட்டை விலையில் தெரியாது, ஏனென்றால் 45 கிலோ யூரியா ரூ.266.50, 50 கிலோ டிஏபி ரூ.1,350 என்ற விலையை நிர்ணயிப்பது அரசின் மானியக் கணக்கு. ரசாயனப் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை.

ஒரு ஏக்கர் கணக்கு

ஊருக்கு ஊர் செலவு மாறும் என்பதால், உதாரணமாக ஒரு ஏக்கர் நெல்லை எடுத்துக்கொள்வோம். உங்கள் செலவுக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

யூரியா இரண்டு மூட்டை, டிஏபி ஒரு மூட்டை. விலைக்குள் இருக்கும் 5 சதவீத வரி சுமார் ரூ.90. (பொட்டாஷ் விலை அடிக்கடி மாறுவதால் அதை விட்டுவிடுவோம்.) களைக்கொல்லி, பூச்சி மருந்து, பூஞ்சாண மருந்து சேர்த்து ரூ.3,000 என்றால், அதற்குள் இருக்கும் 18 சதவீத வரி ரூ.457.

டீசல்தான் பெரியது. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்ட பிறகு, டீசல் மீது மத்திய அரசின் வரிகள் லிட்டருக்கு ரூ.17.80 ஆயின. தமிழக அரசின் மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு ரூ.9.62-உம். சென்னையில் லிட்டர் 92 ரூபாயை ஒட்டி விற்றபோது, மாநிலத்தின் பங்கும் 17 ரூபாய்க்கு மேல். இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 35 ரூபாய். உழவு, சேற்றுழவு, அறுவடை, களத்துக்கு ஏற்றி வருவது எல்லாவற்றுக்கும் ஏக்கருக்கு 30 லிட்டர் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் ரூ.1,050. டீசலை நாம் போட்டாலும் வண்டிக்காரர் போட்டாலும் பணம் நம்முடையதுதான்.

ஆக ஒரு ஏக்கருக்கு ஒரு பருவத்தில் ஏறக்குறைய ரூ.1,600. இரண்டரை ஏக்கரில் இரு போகம் செய்பவருக்கு ஆண்டுக்கு ரூ.8 ஆயிரம். பிஎம் கிசான் திட்டத்தில் மூன்று தவணையாக வருவது ரூ.6 ஆயிரம். வங்கிக் கணக்கில் வரும்போது குறுஞ்செய்தி வருகிறது. ரசீதில் போகும்போது வருவதில்லை.

மருந்துக்கு ஏன் 18?

ரசாயனத்துக்கு 18, உயிரி மருந்துக்கு 5 என்று வைத்தால் விவசாயிகள் உயிரி மருந்துக்கு மாறுவார்கள் என்று வாதிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பெவேரியா, வேம்பு சார்ந்த மருந்துகள் இந்தச் சலுகைப் பட்டியலில் இருப்பது வரவேற்க வேண்டியதே. விதை நேர்த்திக்கும் வருமுன் காப்பதற்கும் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் புகையான் வயலில் வட்டமாகக் காய்த்துக்கொண்டு போகும்போது விவசாயி விலைப்பட்டியல் பார்த்து முடிவெடுப்பதில்லை. அந்த நேரத்தில் 18 சதவீதம் அவரை மாற்றாது, கடனைத்தான் கூட்டும்.

இன்னொரு விளைவும் உண்டு. "ரசீது வேண்டாமென்றால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்ல, 18 சதவீத வரி இடம் கொடுக்கிறது. ரசீது இல்லாமல் வாங்கிய மருந்து போலியாக இருந்து பயிர் கருகினால், எந்த அலுவலகத்திலும் முறையிட முடியாது. வரி குறைந்தால் இந்த ஆசை குறையும் என்பது என் கணிப்பு. அதே ரூ.3,000 மருந்துக்கு வரி 5 சதவீதமானால் ஏக்கருக்கு ரூ.330 மிச்சமாகும்.

ஒருமுறை இப்படி நடந்தும் இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி தொடங்கியபோது உரத்துக்கு 12 சதவீதம் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளான ஜூன் 30-ஆம் தேதி அதை 5 ஆக்கினார்கள்.

டீசலும் அதிகாரப் பங்கீடும்

டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்கள் தாங்களே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய வரிகளில் முக்கியமானவை எரிபொருளும் மதுவும். கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே மத்திய அரசு ஒப்பாத எதுவும் நிறைவேறாது. தமிழகத்தின் வாக்குக்கும் கோவாவின் வாக்குக்கும் ஒரே எடை. டீசலையும் அங்கே ஒப்படைத்தால், நாளைக்கு மாநில அரசிடம் போய் வரியைக் குறையுங்கள் என்று கேட்கக்கூட முடியாது.

மத்திய வரியின் உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டும். அந்த ரூ.17.80-இல் அடிப்படை கலால் வரி ரூ.1.80 மட்டுமே. மாநிலங்களுடன் பங்கிட வேண்டிய தொகுப்பில் அதுதான் சேரும். மற்றவை சிறப்புக் கூடுதல் வரி, செஸ் என்ற பெயரில் முழுவதும் மத்திய அரசுக்கே. அதில் 4 ரூபாயின் பெயர் 'வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ்'; 2021 பட்ஜெட்டில் வந்தது. வேளாண்மையை மேம்படுத்த வசூலிக்கும் செஸ்ஸை உழும் டிராக்டரிலிருந்தும் வசூலிக்கிறார்கள். நமது கணக்கில் ஏக்கருக்கு ரூ.120.

மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டும். இந்தக் கணக்கில் லிட்டருக்கு இருவரும் எடுத்தது ஏறத்தாழ சமம் என்பதால் இருவரிடமும் கேட்கலாம்.

மாநிலத்தால் முடியாது என்று சொல்ல வழியில்லை. தமிழகத்தில் விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகுகளுக்கும், ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்புடன், மாநில விற்பனை வரி இல்லாத டீசல் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. கடலில் போகும் இயந்திரத்துக்கு முடிவது வயலில் போகும் இயந்திரத்துக்கு ஏன் முடியாது? கர்நாடகத்தில் 2022-23 பட்ஜெட்டில் 'ரைத சக்தி' என்ற திட்டத்தை அறிவித்து, ஏக்கருக்கு ரூ.250 வீதம் ஐந்து ஏக்கர் வரை டீசல் மானியத்தை நேரடியாகக் கணக்கில் போட்டார்கள். தொகை குறைவுதான், ஆனால் வழி சரியானது. வண்டிக்குக் கொடுத்தால் வண்டி உரிமையாளரோடு நின்றுவிடும். சாகுபடி ஏக்கருக்குக் கொடுத்தால் வாடகைக்கு ஓட்டுபவருக்கும் சேரும். இப்போது தமிழக விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கப்பட்டு வருகிறது. நில விவரமும் வங்கிக் கணக்கும் கைவசம் இருக்கும்போது, ஏக்கர் கணக்கில் டீசல் வரியைத் திருப்பிக் கொடுக்க நடைமுறைத் தடை பெரிதாக இல்லை. குத்தகைதாரர் விடுபட்டுப் போவார் என்பதுதான் எனக்குள்ள கவலை. பட்டாவை மட்டும் வைத்துக் கொடுத்தால், உழுபவர் வரி கட்ட, ஊரில் இல்லாத நில உரிமையாளருக்குப் பணம் போய்ச் சேரும். கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் விவசாய டீசலுக்கு லிட்டருக்கு 21.48 சென்ட் வரி திரும்பக் கிடைக்கும். 2023 டிசம்பரில் அரசு அதை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பெர்லின் வரை வந்து நின்றன. படிப்படியாகக் குறைப்பதென்று சட்டம் வந்தது. அடுத்து வந்த அரசு 2026 ஜனவரி முதல் மீண்டும் கொடுக்க முடிவு செய்தது. உரம், மருந்துக்குக் கட்டிய வரிக்கும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத, ஆண்டு விற்பனை 6 லட்சம் யூரோவைத் தாண்டாத விவசாயி, விளைபொருள் விலைக்கு மேல் 2025 முதல் 7.8 சதவீதம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அவர் கட்டிய வரிக்கு அது ஈடு. வாங்கும் வியாபாரி அதைத் தன் வரியில் கழித்துக்கொள்வார்.

இங்கே அரிசிக்கும் காய்கறிக்கும் இது பொருந்தாது; வாங்குபவர் வரி கட்டாதபோது எதில் கழிப்பார்? ஆனால் பருத்தி, தோல் நீக்காத முந்திரி, புகையிலை இலை ஆகியவற்றை விவசாயியிடம் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, விவசாயிக்குப் பதிலாகத் தானே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் அரசுக்குக் கட்டும் வரியில் ஒரு பகுதியை விளைவித்தவருக்குத் திருப்பிவிட வழி செய்யலாம். பருத்தி விளையும் பெரம்பலூருக்கும் முந்திரி விளையும் பண்ருட்டிக்கும் இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல.

இந்த விதி தெரியாததால் ஏமாறுபவர்களும் இருக்கக்கூடும். பருத்தி விற்கும்போது "ஜிஎஸ்டி பிடித்தம் 5 சதவீதம்" என்று விலையில் கழித்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த வரி வியாபாரியின் பொறுப்பு. அதைக் கட்டிய பிறகு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் அவரால் முடியும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் நிலை வேறு. தனி விவசாயிக்கான விலக்கு அவற்றுக்கு இல்லை, ஆனால் பதிவு எடுத்தால் வரியைக் கழிக்கலாம். அரிசியை 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பையில் அடைத்து, முத்திரையிட்டு விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஐந்து கிலோ, பத்து கிலோ பையில் பாரம்பரிய அரிசி விற்க நினைக்கும் குழுக்கள் விலை போடும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. நுண்ணூட்டக் கலவைக்கும், சலுகைப் பட்டியலில் உள்ள உயிரி மருந்துக்கும், டிராக்டர் டயருக்கும் ரசீதில் 5 சதவீதம்தான் இருக்க வேண்டும். 12 அல்லது 18 என்று பழைய விகிதம் போட்டிருந்தால் திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர் ரசீதில் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. வேளாண் உதவி அலுவலர்கள் கிராமக் கூட்டங்களில் ரகம், உரம் சொல்லும்போது இந்த விகிதங்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் நல்லது.

ஒரு பருவத்தின் ரசீதுகள் முழுவதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் "வரி அதிகம்" என்று பேசினால் குறிப்பில் ஏறாது. "என் இரண்டரை ஏக்கருக்கு மருந்தில் இவ்வளவு, டீசலில் இவ்வளவு வரி கட்டியிருக்கிறேன், மருந்து வரியைக் கவுன்சிலில் 5 ஆக்கக் கேளுங்கள், டீசலில் மாநிலப் பங்கை ஏக்கர் கணக்கில் திருப்பித் தாருங்கள்" என்று ரசீதுகளோடு மனு கொடுத்தால், பதில் எழுத வேண்டிய கட்டாயம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்.